பனிக்குத் தைத்த கூடாரம்

"ப்ரோ, ரெண்டு பேர் படுக்கிற மாதிரி ஒரு டென்ட். முதுகுல தூக்கிட்டுப் போகணும், எந்த வெதர்லயும் தாங்கணும், ரொம்ப வருஷம் உழைக்கணும். எதை வாங்கலாம்?"

இந்தக் கேள்விக்கு நம் இளைஞர் கூட்டத்தில் ஒரே ஒரு பதில்தான் புழங்குகிறது. "ஃபோர் சீசன் எடுத்துடு ப்ரோ, கவலையே இல்ல." சொல்பவர் சென்னையில் இருக்கிறார். கேட்பவர் காரைக்காலில் இருக்கிறார். அந்தப் பதில் பிறந்த ஊரோ வருடத்தில் சில மாதங்கள் வெண்பனியில் மூடிக் கிடப்பது. இந்தப் பதிலை நம்பி எங்கள் ஊரில் பணத்தைக் கொட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த 'ஃபோர் சீசன்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். வசந்தம், கோடை, இலையுதிர்காலம் மூன்றுக்கும் தாங்கினால் அது 'த்ரீ சீசன்'. நான்காவது குளிர்காலம். அந்த ஊர்களில் குளிர்காலம் என்றால் உறைபனி. ராத்திரி முழுக்க மேலே பனி கொட்டிக் குவிந்தாலும் கழி முறியக் கூடாது, கீழ்ப்பக்கமாகப் பனித்தூள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச வெப்பமும் வெளியே போய்விடக் கூடாது. இதற்காகக் கழிகளைக் கூட்டுகிறார்கள். உள்கூட்டில் கொசுவலை இருக்கவேண்டிய இடத்தில் துணியைத் தைக்கிறார்கள். மேல்விரிப்பைத் தரை வரைக்கும் இறக்குகிறார்கள். எடை கூடுகிறது, விலை கூடுகிறது, காற்று குறைகிறது. அவர்கள் ஊருக்கு இது நேர்மையான, கெட்டிக்காரத்தனமான வேலை. எனக்கு அதில் எந்தச் சண்டையும் இல்லை. இதே பொருளை 'எந்த வெதருக்கும் தாங்கும்' என்று காரைக்காலில் விற்பதோடுதான் சண்டை. புரட்டாசி மாதம் அரசலாற்று முகத்துவாரத்தில் இதை விரித்து உள்ளே படுத்தால் அது கூடாரம் இல்லை, இட்லிக் கொப்பரை.

நமக்குப் பருவம் நான்கு என்று யார் சொன்னது? தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பிரிக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கார் ஆவணியிலும் புரட்டாசியிலும். அடுத்து வரும் கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும், அதாவது நம்முடைய வடகிழக்குப் பருவமழை சரியாக வந்து உட்காரும் இடம். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கூடாரம் வாங்குகிறவனுக்கு இது நேரடியாகப் பயன்படும் கணக்கு. ஆறில் இரண்டு 'பனி' என்று முடிகின்றன, கவனித்தீர்களா? அந்தப் பனி வானத்திலிருந்து பஞ்சாகக் கொட்டுவது அல்ல. புல்நுனியில் திரள்வது. அந்த ஊர்க்காரர்களுடைய பனிக்கும் நம்முடைய பனிக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதால்தானோ என்னவோ, அவர்கள் பனிக்குத் தைத்ததை நம் பனிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். எந்தக் கூடாரக் கம்பெனியின் குறிப்பேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இந்த விஷயம் எழுதப்பட்டதில்லை. மச்சு எப்படி நனைகிறது? மேகமில்லாத இரவில் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. கூடாரத்தின் மேல்விரிப்பும் அப்படித்தான். மெல்லிய துணி என்பதால் இன்னும் சீக்கிரமாகக் குளிர்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரவு வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 23 டிகிரியைத் தொட்டாலே நீர் படியத் தொடங்கிவிடும். மேல்விரிப்பு இரண்டே டிகிரி குளிர்ந்தால் போதும். அதே சமயம் உலர்ந்த மலைப்பிரதேசம் ஒன்றில் வெப்பம் 10 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட ஏழு டிகிரி வரை குளிர்ந்தால்தான் ஒரு துளி திரளும். அந்த ஊரில் உட்கார்ந்து 'இந்த ஒற்றைச்சுவர் கூடாரத்தில் நீர் கோப்பதே இல்லை, அருமை' என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் காற்று வேறு, நம் காற்று வேறு. கடலும் ஆறும் வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊர் காரைக்கால். அரசலாறு, நாட்டாறு, நண்டலாறு, வாஞ்சியாறு என்று விரல்விட்டு எண்ணலாம். ஒரு சின்ன நிலப்பரப்புக்குள் இத்தனை தண்ணீர் ஓடும்போது ராத்திரிக் காற்று எப்படி உலர்ந்திருக்கும்?

ஆகவே ஒற்றைச்சுவர்க் கூடாரம் எங்கள் கடற்கரைக்கு ஆகாது. இரண்டு சுவர் வேண்டும். உள்கூடு முழுக்கக் கொசுவலையாக இருக்கவேண்டும். மேல்விரிப்பில் நீர் கோக்கட்டும், அது கோத்தே தீரும். அது சொட்டாமல் வழிந்து வெளியே இறங்குகிற மாதிரி உள்கூட்டுக்கும் மேல்விரிப்புக்கும் நடுவே ஒரு கையகலம் இடைவெளி இருந்தால் போதும். மேலே உயரத்தில் ஒரு காற்றுவாய், கீழே தரையோரம் ஒரு திறப்பு. சூடான காற்று மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். நம் பழைய வீடுகளில் முற்றம் செய்த வேலையும் இதுதான். கொசுவைப் பற்றித் தனியாக எழுதவேண்டியதில்லை. காரைக்கால்காரருக்குக் கொசுவைப் பற்றிப் பாடம் எடுப்பவன் யார்?

அடுத்தது மழை. எங்கள் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் பெய்துவிடுகிறது. வங்கக்கடலில் ஒரு தாழ்வுநிலை உருவானால் இரண்டு மூன்று நாள் விடாது. நேராகவும் பெய்யாது, கடலிலிருந்து வீசும் காற்றோடு படுக்கையாகப் பெய்யும். இங்கேதான் கடைக்காரர்கள் ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள்: "சார், இது மூவாயிரம் எம்எம் வாட்டர்ப்ரூஃப்." மூவாயிரம் மில்லிமீட்டர் மழை தாங்கும் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். அப்படியல்ல. துணியின்மேல் நீர்த்தம்பம் ஒன்றை நிறுத்தி, எவ்வளவு உயரத்தில் துணி கசிகிறது என்று ஆய்வகத்தில் அளக்கிறார்கள். மூவாயிரம் என்றால் மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். மேல்விரிப்புக்கு ஆயிரத்து ஐந்நூறே தாராளம். விழுகிற மழைத்துளி அதற்குமேல் அழுத்துவதில்லை. தரைவிரிப்புக்குத்தான் அதிக எண் வேண்டும், ஏனென்றால் நீங்கள் முழங்காலை ஊன்றும்போது ஈரமண்ணிலிருக்கும் தண்ணீரைத் துணிக்குள் அழுத்துகிறீர்கள். அதுபோக அந்த எண் புதுத்துணியின் எண். இரண்டு வருடம் கழித்து என்ன எண் என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

அந்த எண்ணைவிட ஆயிரம் மடங்கு முக்கியமான ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. எதை முதலில் நிறுத்துவது? அமெரிக்கப் பாணிக் கூடாரங்கள் பெரும்பாலானவற்றில் முதலில் உள்கூட்டைக் கழிகளில் மாட்டவேண்டும், பிறகுதான் மேல்விரிப்பைப் போர்த்தவேண்டும். வெயிலடிக்கும் ஊரில் அது சௌகரியம். கார்த்திகை மாதத்து மழையில் அப்படி நிறுத்திப் பாருங்கள். மேல்விரிப்பைத் தேடி எடுத்துப் போர்த்துவதற்குள் உள்ளே குளம் கட்டியிருக்கும். அது கொசுவலை உள்கூடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்வீடனில் 1971-இல் தொடங்கிய ஹில்லிபெரி கம்பெனி மேல்விரிப்பையும் உள்கூட்டையும் இணைத்தே தைக்கிறது. மேல்விரிப்பு முதலில் எழும், உள்கூடு நனையாமல் அதனடியில் தொங்கும். அவர்கள் மலைகளில் காற்றும் மழையும் அதிகம், அதற்கேற்ப யோசித்தார்கள். ஸ்வீடன்காரன் ஸ்வீடனுக்காக யோசித்த மாதிரி நாம் காரைக்காலுக்காக யோசித்தால் என்ன குறைந்துபோகும் என்பதுதான் என் கேள்வி. அவர்கள் கூடாரத்தையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை, விலையைக் கேட்டால் எங்கள் ஊரில் ஒரு நல்ல பைக் வாங்கலாம் போலிருக்கிறது. மேல்விரிப்பை முதலில் நிறுத்தமுடிகிற கூடாரம் நடுத்தர விலையிலும் கிடைக்கிறது. கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நைலானா, பாலியஸ்டரா? இணையத்தில் வாதாடுகிறவர்கள் நைலான் பக்கம்தான் அதிகம். ஒரே எடைக்கு நைலானுக்குக் கிழிபடாத வலு அதிகம் என்பது உண்மை. ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரண ஈரக்காற்றிலேயே தன் எடையில் நான்கு சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஈரம் குடித்த நைலான் நீள்கிறது, தொய்கிறது. சாயங்காலம் முரசுத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து உள்கூட்டைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் கோத்த நீரெல்லாம் உங்கள் படுக்கையில். வெயிலையும் பாலியஸ்டர்தான் கூடுதலாகத் தாங்குகிறது. வெயிலில் வெகுகாலம் கிடந்த நைலான் நூல் என்ன ஆகும் என்று பட்டினச்சேரியில் வலை பின்னுகிற யாரிடமாவது கேளுங்கள். விரலால் இழுத்தாலே அறுந்துபோகிற பழைய நூலை எடுத்துக் காட்டுவார்கள். ஐம்பது நூறு கிராம் எடை குறைப்பதற்காக இதையெல்லாம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர், நம் பக்கம் ஒரு மழைக்காலத்தையும் பார்க்காதவர்.

இவ்வளவும் கூடாரம் விரித்திருக்கும்போது நடக்கிற கதை. நான் அதிகம் கோபப்படுவது விரிக்காதபோது நடக்கிற கதைக்குத்தான். நேர்மையாகக் கேட்கிறேன், ஒரு வருடத்தில் உங்கள் கூடாரம் எத்தனை ராத்திரி வெளியே இருக்கும்? பத்து? ரொம்ப ஆர்வமுள்ளவர் என்றால் இருபது? மிச்ச முந்நூற்று நாற்பது சொச்ச நாளும் அது பரணில்தான் கிடக்கிறது. கூடாரம் மலையில் சாவதில்லை, காற்றில் சாவதில்லை. பரணில் சாகிறது.

எப்படிச் சாகிறது என்றால், மலிவான, நடுத்தரமான கூடாரங்களில் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். அதில் ஒரு வகை ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் மெல்ல மெல்ல உடைந்துபோகும். முதலில் பிசுபிசுக்கும். பிறகு புளித்த வாந்தி மாதிரி ஒரு நாற்றம். பிறகு தையல்மேல் ஒட்டியிருக்கிற டேப் உரியும், பூச்சு செதில் செதிலாகக் கொட்டும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை. இது குளிர்ந்த உலர்ந்த ஊரில் பத்துப் பதினைந்து வருடம் கழித்து நடக்கலாம். கான்கிரீட் தளத்துக்குக் கீழே, சித்திரை வெயில் இறங்கிக் கொதிக்கிற பரணில், கடற்காற்று வீசுகிற ஊரில், பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்தால் மூன்றாம் வருடமே நடக்கும். நண்பர் ஒருவர் கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "யூஸ் பண்ணாம வெச்சிருந்தீங்களா? அப்படித்தான் ஆகும்" என்று பதில் வந்தது. வாங்கும்போது இதைச் சொன்னார்களா? இல்லை. 'ஆறு அடி பனி தாங்கும்' என்று மட்டும் சொன்னார்கள்.

பாலியூரித்தேனிலேயே ஈரத்தில் உடையாத இன்னொரு வகை இருக்கிறது, பாலிஈதர் வகை. சிலிகான் பூச்சு இருக்கிறது, அதற்கு இந்த வியாதியே கிடையாது. ஆனால் சிலிகானின் மேல் டேப் ஒட்டாது, தையல்களுக்கு நாமே பசை தடவவேண்டும். வெளிப்பக்கம் சிலிகான், உள்பக்கம் பாலிஈதர் பூச்சு, நடுவில் பாலியஸ்டர் துணி என்ற சேர்க்கை எங்கள் கடற்கரைக்காகவே செய்தது போலிருக்கிறது. டர்ஸ்டன் எக்ஸ்-மிட் போன்ற சில கூடாரங்கள் இப்படித்தான் தைக்கப்படுகின்றன. டெல்டாக்காரன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "உள்பூச்சு எந்த வகை?" கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், தெரியாத பொருளுக்கு நாம் ஏன் பணம் கொடுக்கவேண்டும்?

உப்பு இன்னொரு எதிரி, சத்தம்போடாத எதிரி. ஃபைபர்கிளாஸ் கழிகளின் மூட்டில் இரும்புக் குழாய் இருக்கும். கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் இரண்டு ராத்திரி போதும், துரு பிடிக்கத் தொடங்கிவிடும். அதன்பிறகு ஒரு மூட்டு இன்னொன்றுக்குள் போகாது. அலுமினியக் கழிதான் வேண்டும், அதுவும் மேற்பூச்சு ஏற்றியது. ஜிப்பில் பல் கெடுவதில்லை, ரன்னர்தான் கெடுகிறது. மணலும் உப்பும் சேர்ந்து அதைத் தேய்த்துவிடுகின்றன, ஜிப் மூடினாலும் வாய் பிளந்து நிற்கும். இதற்காகக் கூடாரத்தையே தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பை தைக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு தம்பி, ரன்னரு தேஞ்சிருக்கு" என்று பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசு. இங்கிருக்கிற ஒருவர் கையால் பழுதுபார்க்க முடிகிற பொருள்தான் நீடித்து உழைக்கிற பொருள். எனக்கு உழைப்பு என்பதன் அளவுகோல் இதுதான். உலகத்திலேயே வலுவானது என்று சொல்லி, கிழிந்தால் வேறொரு நாட்டுக்கு பார்சல் அனுப்பவேண்டிய துணியை நான் வலுவானது என்று சொல்லமாட்டேன்.

மணலுக்கும் ஒரு வார்த்தை. கூடாரத்தோடு வருகிற முளைகள் எல்லாம் புல்தரைக்கும் இறுகிய மண்ணுக்கும் செய்தவை. கடல்மணலில் அவை வெண்ணெயில் குத்திய ஊசி. "முளையெல்லாம் எங்க தம்பி நிக்கும்? சாக்குல மண்ணள்ளிப் போட்டுக் கட்டிப் பொதைச்சிடு, யானை இழுத்தாலும் வராது" என்றார் கரையில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மலையேறிகளின் கையேட்டில் இதே உத்திக்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், பனியில் புதைக்கவென்று தனித் துணிப்பைகளே விற்கிறார்கள். பெரியவருக்கு அந்தப் பெயர் தெரியாது. கயிற்றை மட்டும் நல்லதாக, கொஞ்சம் நீளமாக வாங்குங்கள். அப்புறம் அறுவடை முடிந்த வயலில் போடுவதானால் வரப்பைவிடத் தாழ்ந்த இடத்தில் போடாதீர்கள். களிமண் தண்ணீரைக் குடிக்காது, தேக்கித்தான் வைக்கும். தென்னைக்கடியில் போடவே போடாதீர்கள். மட்டை விழுந்தால் எந்தச் சீசன் கூடாரமும் தாங்காது.

'இரண்டு பேர்' என்ற அளவிலும் ஒரு சூது இருக்கிறது. 51 சென்டிமீட்டர் அகலப் படுக்கை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நிரம்பிவிடும் அளவுதான் அந்த 'இரண்டு பேர்'. குளிர்ந்த ஊரில் தோளோடு தோள் ஒட்டிப் படுப்பது சுகம். ஆடி மாசத்துப் புழுக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் அடுப்பு மாதிரி இருப்பார், எவ்வளவு பிரியமான ஆளாக இருந்தாலும் சரி. தலைமாட்டில் 135, முடிந்தால் 140 சென்டிமீட்டர் பாருங்கள். இரண்டு பக்கமும் கதவு இருக்கட்டும். கதவு இரண்டு என்றால் ராத்திரியில் ஒருவரை ஒருவர் தாண்டவேண்டாம் என்பதற்காக மட்டுமல்ல, குறுக்குக் காற்றுக்காக.

இங்கே ஒரு மறுப்பு வரும். "நீங்க காரைக்காலுக்கு மட்டும் பேசுறீங்க. நாங்க ஹம்ப்டா பாஸ் போவோம், குடகு போவோம். அதுக்குத்தான் எல்லா வெதரும் தாங்குற டென்ட் கேக்குறோம்." நியாயமான மறுப்பு. ஆனால் இமயத்துக்கு நீங்கள் போகிற மாதம் எது? மே முதல் அக்டோபருக்குள். அந்த மாதங்களில் நீங்கள் நடக்கிற பாதைகளுக்கு நல்ல இழுகயிறு கட்டிய, அலுமினியக் கழி போட்ட, இரண்டு சுவர் 'த்ரீ சீசன்' கூடாரமே போதும். பெரும்பாலானோர் வழிகாட்டிகளோடு போகிறார்கள், கூடாரத்தையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். குளிர்காலத்தில் உறைபனியில் ஏறப்போகிறவருக்கு நான் இதை எழுதவில்லை. அவருக்கு வேறு கூடாரம் வேண்டும், அதை அவர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் இரண்டு தடவை பார்க்கப்போகிற உறைபனிக்காக, வருடாவருடம் வரும் ஐப்பசியைப் புறக்கணிப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தமிழ்நாட்டு மலைகள்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு காட்டுக்குள் நடப்பதன் விதிகளே இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தது, பெரும்பாலும் பகலில் போய்ப் பகலில் திரும்புகிற நடைகள். காப்புக்காட்டில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்கமுடியாது, அடிக்கவும் கூடாது. ஆக நம் கூடாரங்கள் உண்மையில் விரிகிற இடங்கள் எவை? நண்பர் ஒருவரின் தோப்பு, யாரோ ஒருவரின் எஸ்டேட், உள்ளூர்க்காரர்களிடமும் கடலோரக் காவலரிடமும் சொல்லிவிட்டுத் தங்குகிற ஒரு கடற்கரை. ஈரமும் வெக்கையும் உப்பும் உள்ள இடங்கள். (தையிலிருந்து பங்குனி வரை கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அந்த மாதங்களில் மணலில் கூடாரமும் வேண்டாம், வெள்ளை விளக்கும் வேண்டாம்.)

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரன் புலம்பல் என்று யாருக்காவது தோன்றினால், இருபது வருடம் பின்னால் போகச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் அடித்துப்போட்ட பிறகு, நாகை மாவட்டத்தில் வரிசை வரிசையாகத் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. தார் பூசிய அட்டைகளால் ஆன சுவர், கூரை. மழைக்கு ஒதுங்க ஓர் இடம் என்ற அளவில் கணக்கு சரி. வெயிலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2005-இன் கோடை வந்தபோது அந்தப் பெட்டிகளுக்குள் பகலில் இருக்கமுடியாமல் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நிழல் தேடி உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே எல்லாம் இழந்தவர்கள். கருப்பு அட்டை வெயிலில் என்ன செய்யும் என்று அந்தக் கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை.

ஒதுங்கிடத்தின் தரத்தை யாருடைய வானிலையை வைத்து அளப்பது என்பது அற்பமான கேள்வி இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பிறகு பல வாரங்கள் டெல்டாவின் தென்பகுதிக் குடும்பங்கள் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுத்தன. தார்ப்பாய் என்ற சொல்லே வேடிக்கையானது. ஆங்கிலச் சொல் ஒன்று நம் வாயில் விழுந்து தாராகவும் பாயாகவும் பிரிந்து, பொருளோடு பொருந்தி உட்கார்ந்துவிட்டது. ஈழத்தில் படங்கு என்பார்கள். அறுவடைக்குப் பிறகு இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ஆட்டுமந்தையோடு டெல்டா வயல்களுக்குக் கிடைபோட வருகிற கீதாரிகள் மாதக்கணக்கில் வெட்டவெளியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' நாவலில் எழுதியிருக்கிறார். நம் மண்ணில், நம் மழையில், கூரையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றி அறிந்தவர்கள் இவர்கள். நாமோ கொலராடோவில் இருக்கிற ஒருவர் போட்ட காணொளியை மூன்று முறை பார்க்கிறோம்.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டுப் போனது. அவர்கள் பக்கத்துச் சீசன் கணக்கு மட்டும் விலைச்சீட்டில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

சரி, எதைத்தான் வாங்குவது? மாடல் பெயர் சொல்லமாட்டேன், அடுத்த வருடமே மாறிவிடும். இரண்டு சுவர், கொசுவலை உள்கூடு, மேல்விரிப்பு முதலில் நிற்கவேண்டும். துணி பாலியஸ்டர். பூச்சு சிலிகான் அல்லது பாலிஈதர். கழி அலுமினியம். கயிறு கட்டாமலே தானாக நிற்கிற வகை என்றால் மணலில் பாதி வேலை மிச்சம், ஆனால் அப்போதும் நான்கு மூலையையும் புதைத்தே கட்டுங்கள். எடை இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை, இரண்டு பேர் பங்குபோட்டுத் தூக்கிக்கொள்ளலாம். ஒருவர் மேல்விரிப்பும் கழியும், இன்னொருவர் உள்கூடும் முளையும். புயல் எச்சரிக்கை வந்தால் இதில் எதுவும் செல்லாது. காரைக்காலிலேயே வானிலை ரேடார் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இருங்கள். எந்தக் கூடாரமும் புயலுக்கு இல்லை, எந்த அட்டையில் என்ன எழுதியிருந்தாலும்.

வாங்கி வந்ததும் ஒரு மழைநாளில் மொட்டைமாடியில் நிறுத்திப் பாருங்கள். மழை இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் பைப்பை வாங்கி, மேலிருந்து அல்ல, பக்கவாட்டிலிருந்து பீய்ச்சச் சொல்லிவிட்டு உள்ளே உட்காருங்கள். கால்மணி நேரம் போதும், தையல் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள், கழியின் மூட்டுகளையும் ரன்னரையும் சேர்த்து. நிழலில் இரண்டு நாள் காயட்டும், தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று தோன்றிய பிறகும் ஒரு நாள். அதற்கென்று கொடுத்த இறுக்கமான பைக்குள் திணிக்காதீர்கள். பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். அம்மா திட்டுவார்கள்.